இரண்டு அங்குலம்

என் தம்பி தையல்காரன். ஒருவர் கடைப் படியேறும்போதே அவர் இடுப்பளவைச் சொல்லிவிடுவான். அந்தக் கர்வம் அவனுக்கு நிறையவே உண்டு. அதனாலேயே இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் குஷி.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தம்பியின் கிட்னி எனக்குப் பொருந்தியது. ஆனால் டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எட்டு கிலோ குறைஞ்சாதான் ஆபரேஷன். மூணு மாசம் டைம்" என்றார். வருடக்கணக்காக உட்கார்ந்தே வளர்த்த தொப்பை, லேசில் போகுமா?

பழைய சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து பின்சக்கரத்தை டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டினான். எவ்வளவு மிதித்தாலும் கட்டிலைத் தாண்டாத சைக்கிள். சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று கனமான கியரில் போட்டு, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் செக்கிழுப்பான்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு என்னைப் பார்க்க வந்தவன், திரும்பும்போது படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினான்.

"முட்டி வலிக்குதாடா?"

"செருப்பு வழுக்குதுக்கா."

மறுநாள் வெறுங்காலோடு வந்தான். அப்போதும் நண்டு நடைதான். எனக்கு வந்த கோபத்துக்கு, அடுத்த நாள் காலையில் அவன் மிதிக்கும்போதே போய் நின்றேன். பெடல் அடிக்குப் போன பிறகும் முட்டி நன்றாக மடங்கியே இருந்தது. மேலே வரும்போது தொடை தொப்பையில் இடித்தது. சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சீட் தாழ்வா இருக்கும்மா. முட்டிக்கு முன்பக்கம் வலின்னா முக்காவாசி அதான். தொடை இடுக்குலேர்ந்து தரை வரைக்கும் அளவு கேட்டேன், அவர் சொன்னதுக்குத்தான் வெச்சுக் குடுத்தேன்."

"எவ்வளவுடா சொன்ன?"

"இருபத்தொன்பதரை." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"எப்ப அளந்த?"

"எதுக்கு அளக்கணும்? இருபது வருஷமா அதானே!"

அது அவன் பேண்டின் உள்பக்க நீளம். பேண்ட் என்ன, தரையைக் கூட்டிக்கொண்டா போகும்? டேப்பைப் பிடுங்கி, அவனைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். முப்பத்தொன்றரை. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மகராசன் தன் காலில் இரண்டு அங்குலத்தை வெட்டிப் போட்டிருந்தான்! வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் அசடு வழிந்தான்.

"மூணு வாரமா ஏண்டா சொல்லல? ஒரு மாத்திரையாவது போட்டிருக்கலாமே?"

"வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாதாம். உனக்குக் குடுக்கப் போறது, அதுல போய் எப்படி..." என்று இழுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வலிக்குதுன்னு சொன்னா நீ வேணாம்னுடுவ" என்றான்.

சொல்லித்தான் இருப்பேன். என்னை அளந்ததில் மட்டும் பயல் நூலளவும் தவறவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்.

கடைக்காரர் வந்து சீட்டை உயர்த்தினார். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் போதும், இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் உயரம் அதிகம் என்றார். லேசான கியரில் மிதிக்கச் சொன்னார், முதல் பத்து நிமிடம் நிதானமாக. ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப ஏறினான். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் எடை பார்த்தார்கள். எட்டு கிலோ இருநூறு கிராம் குறைந்திருந்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே எனக்கு இரண்டு நைட்டி. எந்தப் பக்கம் தையல் போடுவார்கள் என்று டாக்டரிடமே கேட்டுவந்து, அந்த இடத்தில் அழுத்தாதபடி மறுபக்கம் நாடா வைத்துத் தைத்திருக்கிறான்.

"உனக்கு ஒண்ணும் தைக்கலையாடா? உனக்கும்தானே வயித்துல தையல் போடுவாங்க?"

"எனக்கு எதுக்குக்கா புதுசு?" என்று பேண்டின் இடுப்பைப் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டினான். உள்ளே ஒரு கை தாராளமாகப் போகும்.

அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.