என் சுடிதார் சாட்சிப் பொருளான கதை

நாடகக்காரர்களுக்கு உடை வாடகைக்கு விடும் தொழிலில், உடுத்தியவர் பெயரை ஊரே சொல்லும். கொடுத்தவளைத் துணி கிழிந்தால்தான் தேடுவார்கள். மேக்கப் போட்டு அடுத்தவரை மினுக்கிவிட்டே வயதாகிப்போன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆளுக்குப் பாதி

சிங்கப்பூர் தேக்காவில் மாடிக்கடை என்னுடையது. எதிர்மாடியில் கோமதி. மூன்று வருடம் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு, என் கண்ணெதிரிலேயே தனிக்கடைப் பலகை மாட்டியவள். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் புகார் கொடுக்கிறாள், இரண்டு துப்பறியும் அதிகாரிகள் விசாரிக்கிறார்கள், அதுதான் கதை. தயாரிப்பாளரிடம் அரை நாள் மல்லுக்கட்டினேன். மேசையைத் தட்டினேன், எழுந்து வாசல்வரை போனேன், யாரும் கூப்பிடாததால் நானே திரும்பி வந்தேன்.

கடைசியில் அந்த மனிதர் அதிகாரிகள் இருவரையும் கோமதிக்கும், மற்ற எல்லாரையும் எனக்கும் பிரித்துக் கொடுத்தார். எல்லாப் பாகத்திலும் வரப்போவது அந்த இரண்டு பேர்தான். எனக்கு வயிறு எரிந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், தயாரிப்பாளரே சமாதானம் சொன்னார்:

"ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. யார் வேலை நல்லா இருக்கோ, அடுத்த சீசன் முழுசும் அவங்களுக்குத்தான் லா."

ஜிகினா

இயக்குநர் நிர்மலாவுக்கு முப்பது வயது இருக்கும். கோமதியை 'அக்கா' என்பாள், என்னை 'ஆன்ட்டி' என்பாள். எனக்கும் கோமதிக்கும் நாலே வயதுதான் வித்தியாசம் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

புகார் கொடுக்கும் பெண் சம்பவத்தன்று உடுத்தியிருந்த உடையை நிர்மலா கேட்டாள். முதுகு திறந்த, ஜிகினா வைத்த கவுன் ஒன்றைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். ஏன் இது என்றாள். இந்த மாதிரி கேஸுக்கு இந்த மாதிரி உடைதானே பொருந்தும் என்றேன். பக்கத்தில் நின்ற கோமதி தரையைப் பார்த்தாள். நிர்மலா கவுனைப் பார்க்கவே இல்லை. நான் போட்டிருந்த வெளுத்துப்போன நீலப் பருத்திச் சுடிதாரையே பார்த்தாள்.

"உங்க மேல இருக்கே, அதைக் குடுங்க ஆன்ட்டி. வேலை முடிஞ்சு பஸ் ஏறி வீட்டுக்குப் போற பொண்ணுதான் அவ."

கோட்டு

கோமதி அதிகாரிகளுக்குக் கறுப்புக் கோட்டு தைத்திருந்தாள். அளவு அப்படிப் பொருந்தியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. காவல்துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற சாந்தா மேடம்தான் தொடருக்கு ஆலோசகர். அவர் காதில் போட்டேன்: "மேடம், நம்ம ஊர் வெயில்ல எந்த அதிகாரி கோட்டுப் போட்டுக்கிட்டு அலையுறாங்க?" அவரும் தலையாட்டிவிட்டு நிர்மலாவிடம் சொன்னார். கோட்டு கழன்றது.

அன்று மத்தியானமே கோமதி தேக்காவில் சாதாரணச் சட்டைகள் வாங்கி, இடுப்பைப் பிடித்து, கையை மடித்துவிட்டாள். அதிகாரிகள் இருவரும் முன்னைவிட நிஜமாக, முன்னைவிட அழகாக வந்து நின்றார்கள். பெரிய அதிகாரியாக நடித்தவர் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டார்.

"இப்பதான் மூச்சு விட முடியுது கோமதி அக்கா. கோட்டை எடுக்கச் சொன்ன புண்ணியவதி நல்லா இருக்கணும்."

பழுப்புக் காகிதப் பை

என் சுடிதாரை நடிகையின் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தேன். அதே மாதிரி மாற்று உடை ஒன்றும் கேட்டார்கள். பழைய துணிக்கு மாற்று எங்கே கிடைக்கும், ஒன்று போதும் என்று அடித்துப் பேசிவிட்டேன். காட்சிக்காகத் தோளைக் கிழித்து மண்ணில் புரட்டினார்கள். அன்றைய வேலை முடிந்ததும், கோமதியின் சட்டைகள் தேய்த்து வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தேன். என்னுடையதோ ஒரு பழுப்புக் காகிதப் பையில் சுருண்டு கிடந்தது. விடுவேனா. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை துவைத்து, கிழிசலைத் தைத்து, தேய்த்து, மடித்து, அதே பையில் வைத்தேன்.

மறுநாள், அதிகாரி சாட்சிப் பொருளைப் பிரிக்கும் காட்சி. பையைத் திறந்ததும் சலவைத்தூளின் பூ வாசனை. கிழிசலும் மண்ணும் தடயமாகத் தெரிய வேண்டிய துணி பளிச்சென்று இருந்தது, வேலை நின்றது. நிர்மலா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அழுக்குத் துணியை மூட்டை கட்டிப் போட்டால் மனுஷி துவைக்கத்தான் செய்வாள் என்று நான் கத்த ஆரம்பித்தேன். அடுத்த சீசன் கைநழுவியது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, கத்தியதே அதனால்தான். சாந்தா மேடம் சுடிதாரை மடியில் வைத்து, தைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் போலீஸ்ல இருந்தப்ப ஒரு பொண்ணு இப்படித்தான் துவைச்சு, தைச்சு, மடிச்சு எடுத்துட்டு வந்துச்சு வசந்தா. நான் கேட்ட முதல் வார்த்தையே 'ஏன் துவைச்சே'தான். அதுக்கப்புறம் அது வாயைத் திறக்கவே இல்ல."

தைத்த தோள்

நிர்மலா ஒரு மணி நேரம் எழுதினாள். புதிய காட்சியில் அந்தப் பெண் துவைத்த சுடிதாரோடு வந்து நிற்கிறாள். அதிகாரி பையை வாங்கிக்கொண்டு, "துவைச்சது உங்க தப்பில்லம்மா, உட்காருங்க, மெதுவா சொல்லுங்க," என்கிறார். அவள் உட்கார்ந்து பேசத் தொடங்குகிறாள். எடுத்து முடித்தபின் விளக்கை அணைக்கவும் யாரும் நகரவில்லை. சாந்தா மேடம் எழுந்து வெளியே போய்விட்டார்.

கோமதி என் பக்கத்தில் வந்து நின்றாள். குத்திக் காட்டப்போகிறாள் என்று நானும் பதில் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தையல் எங்க இருக்குன்னு தேடித்தான் பார்க்கணும்க்கா. எனக்கு இன்னும் இந்தக் கை வரல."

அடுத்த சீசன் முழுவதும் கோமதிக்கே போய்விட்டது, ஆனால் எல்லாரையும் அழவைத்த அந்தக் காட்சி என் சலவையில் பிறந்தது என்று தேக்காவில் பத்துப் பேரிடமாவது சொல்லிவிட்டேன், பதினோராவது ஆள் நீங்கள்.