விண்வெளி நிலையத்து ஸ்டோர் இன்சார்ஜைக் கொல்லச் சொன்னார்கள்

1. வளைவில் வந்த உத்தரவு

"சார், அந்த மங்கையைக் கொன்னுடுங்க. கடைசி சாப்டர்ல வேணாம், அதுக்கு முந்தின சாப்டர்லயே முடிச்சிடுங்க. அப்புறம் எல்லாரும் அழறதுக்கு எடம் வேணும்ல?"

சென்னையிலிருந்து என் முதலாளி போனில் இப்படிச் சொன்னபோது நான் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே இறங்கும் ஷேர் ஜீப்பில், ஒரு புளி மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் செருகப்பட்டிருந்தேன். என் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். காதில் வைத்துக் கேட்கிற பாகம் மழையில் நனைந்து என்றோ காலமாகிவிட்டது. ஆகவே உத்தரவு ஜீப் முழுக்கக் கேட்டது.

வேறு ஊராக இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். இந்த ஜீப்பில் யாரும் பயப்படவில்லை. கோபப்பட்டார்கள்.

"இன்னாத்துக்கு சாவடிக்கணுமாம்? அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார் பின் சீட்டிலிருந்து பொன்னம்மா அக்கா. வாரச் சந்தைக்குச் சாமை கொண்டுபோகிறவர்.

"மங்கைய கொன்னுட்டு நாளைக்கு என் வண்டில ஏறிடாத சார், சொல்ட்டேன்," என்றார் டிரைவர் கோவிந்தன்.

மங்கை என்று யாரும் கிடையாது. பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் 'அகல்' என்கிற விண்வெளி நிலையத்தில் ஸ்டோர் இன்சார்ஜ் அவர். அந்த நிலையமும் கிடையாது.

2. வாடகைப் பிள்ளைகள்

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு படமோ வெப் சீரிஸோ நன்றாக ஓடினால், அதில் வருகிற ஆட்களையே வைத்துப் புதிதாக ஒரு கதை எழுதி நாவலாகப் போடுவார்கள். டை-இன் நாவல் என்று பெயர். அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை வாங்கி வந்து, சட்டை கசங்காமல் விளையாட விட்டு, சாயங்காலம் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற வேலை. ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்திருந்தாலும் திட்டு விழும்.

அட்டையில் ஹீரோவின் முகம் பெரிதாக இருக்கும். என் பெயரும் இருக்கும், தேடினால். நான் எழுதிய ஒரு போலீஸ் நாவலை அந்த நடிகரே எழுதியதாக நினைத்து என் மனைவி உருகி உருகிப் படித்தாள். "நடிப்பும் வருது, எழுத்தும் வருது பாரு," என்று எனக்கே எடுத்துக்காட்டினாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடமிருந்து என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது, கெடுப்பானேன்?

சீரிஸ் கம்பெனி 'பைபிள்' என்று ஒரு கோப்பு கொடுக்கும். யார் யாருக்கு என்ன வயது, கேப்டனுக்கு எந்தக் கையில் தழும்பு, எல்லாம் அதில் இருக்கும். 'அகல்' சீரிஸின் பைபிள்படி கதை இதுதான். நிலையத்தை நடத்துவது பூமியில் இருக்கும் கம்பெனி. அரிசியும் மருந்தும் அங்கிருந்துதான் மேலே போகும். ஆனால் நிலையத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் ஊர். கம்பெனி ஒருநாள், நிலையத்தை மூடுகிறோம், எல்லாரும் இறங்கி வாருங்கள் என்கிறது. அவர்கள் மாட்டோம் என்கிறார்கள். கம்பெனி கப்பல் அனுப்புகிறது. கப்பல் வந்து ஒட்டுகிற கதவின் சாவி ஸ்டோர் இன்சார்ஜ் மங்கையிடம் இருக்கிறது. மங்கை கம்பெனி அனுப்பிய ஆள். ஆனால் கல்யாணம் செய்துகொண்டது நிலையத்துப் பையனை.

சீரிஸில் மங்கை ஓரிரு காட்சிகளில் வந்து மூட்டையை எண்ணிவிட்டுப் போவார். என்னிடம் வந்த பிறகுதான் அவருக்கு வாய் முளைத்தது. நக்கல், பிடிவாதம், பசிக்கிறவனைப் பார்த்தால் விதியை மறக்கிற குணம் எல்லாம் நான் போட்டது. சட்டை கசக்காமல் விளையாடச் சொன்னால் நான் குழந்தைக்குப் புதுச் சட்டையே தைத்துப் போட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில் மங்கையாக நடித்த அம்மா வேறு சீரியலுக்குப் போய்விட்டார். இரண்டாவது சீசனில் மங்கை இருக்க முடியாது. அதனால்தான் சீரிஸ் கம்பெனியை நடத்துகிற என் முதலாளியிடமிருந்து அந்த போன்.

"ரெண்டு பக்கமும் கால் வெச்சவ துரோகி சார்," என்று முதலாளி விளக்கினார். "துரோகி சாவணும். படிக்கறவன் கை தட்டணும். சிம்பிள்."

3. ஜீப்பில் எழுதிய விண்வெளி

ஜவ்வாது மலைக்கு நான் வந்தது அமைதியாக எழுதுவதற்கு. அமைதி கிடைத்தது. நெட் கிடைக்கவில்லை.

விண்வெளிக் கதை ஒப்புக்கொண்டதும், பக்கத்தில்தானே காவலூர் வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கிருந்து பெரிய டெலஸ்கோப்புக்காரர் ஒருவரைப் பிடித்துச் சந்தேகங்களைக் கேட்டுவிடலாம் என்று போனேன். டீக்கடையில் ஒருவர் மாட்டினார். விண்வெளி நிலையத்தில் துணி எப்படிக் காயப்போடுவார்கள் என்று கேட்டேன். அவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டு, "சார், நாங்க ரொம்ப தூரத்துல இருக்கறதத்தான் பாக்கறோம். பக்கத்துல நடக்கறது எங்களுக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

எனக்குக் கையெழுத்து மோசம், டைப்பிங் அதைவிட மோசம். போனில் பேசினால் அதுவே எழுத்தாகிற வசதியை நம்பித்தான் பிழைக்கிறேன். அதற்கு நெட் வேண்டும். நெட் கிடைப்பது மலைப்பாதையில் ஒரே ஒரு வளைவில். கோவிந்தன் அங்கே இன்ஜின் ஆறட்டும் என்று ஜீப்பை நிறுத்துவார். எல்லாரும் இறங்கிப் போனில் கத்துவார்கள். நான் நாவலைக் கத்துவேன்.

கேட்காமல் எப்படி இருப்பார்கள்? கொஞ்ச நாளில் அவர்கள் தங்கள் போன்களை முடித்துவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். அப்புறம் தங்கள் போனையே மறந்தார்கள். போன் எழுதிக் கொடுத்த பிரதியில் கேப்டன் கம்பீரமாக, "நம் நிலையத்தை உயிருள்ளவரை காப்போம் யோவ் ஆட்டப் புடி ஆட்டப் புடி" என்று முழங்கியது அப்படித்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் ரூபினா. வாணியம்பாடிப் பெண். அப்பாவுக்குத் தோல் வியாபாரம். இவருக்குச் சென்னையில் சீரிஸ் கம்பெனியில், நாவல் பைபிளை மீறாமல் இருக்கிறதா என்று பார்த்து அப்ரூவல் கொடுக்கிற வேலை. அவர் பார்க்கிற முதல் புத்தகம் என்னுடையது. பாவம்.

"அண்ணே, ஒரு டவுட்டு," என்றார் முதல் போனிலேயே. "உங்க ஸ்டேஷன்ல எதுக்கு எல்லாரும் கம்பியப் புடிச்சினே நிக்கிறாங்க? ஒருத்தன் மடில இன்னொருத்தன் உக்கார்றான். கப்பல் வந்தா, 'தள்ளிக் குந்து, தள்ளிக் குந்து'ன்றாங்க. இது ஸ்டேஷனா, ஜீப்பா?"

உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ஆட்ட மட்டும் எறக்கிடுங்க, மிச்சம் இருக்கட்டும். நல்லா கீது," என்றார்.

4. இரண்டு கட்சி

ஜீப் இரண்டாகப் பிரிந்திருந்தது. பொன்னம்மா அக்கா நிலையத்துக் கட்சி. "பொறந்த எடத்த வுட்டுட்டு எறங்கி வாடான்னா எவன் வருவான்?" என்பார். தேன் எடுத்து விற்கிற சடையன் அண்ணன் பூமிக் கட்சி. "அரிசி எங்கேந்து போவுது? அத்த மொதல்ல சொல்லு. துன்றது ஒருத்தன் சோறு, முறைக்கறது அவனையேவா?" என்பார். முன் சீட்டில் உட்காரும் உரிமை யாருக்கு என்பதுகூட இந்தத் தகராறில் வந்து கலந்துவிட்டது. மங்கை விஷயத்தில் மட்டும் இரு கட்சியும் ஒன்று. அவர் சாகக் கூடாது.

நான் அடிமை. உத்தரவு வந்தால் செய்கிற ஆள். மறுநாள் அதே வளைவில் நின்று மங்கையைக் கொல்ல ஆரம்பித்தேன். "கதவு பாதி திறந்திருந்தது. மங்கை சாவியை இறுகப் பற்றினாள்" என்று சொன்னதுமே பொன்னம்மா அக்கா என் போனைக் கையால் மூடிவிட்டார்.

"அவ ஏன் சார் சாவணும்? காரணம் சொல்லு."

"ரெண்டு பக்கமும் வேண்டியவங்கக்கா. அதான் ரெண்டு பக்கமும் அவங்கள நம்பல."

"நம்பலையா?" அக்கா நிஜமாகவே திகைத்தார். "ரெண்டு பக்கமும் சொந்தம்னா அவளத்தான நம்பணும்? எங்க அண்ணன் வூட்டுக்கும் எங்க மச்சாண்டார் வூட்டுக்கும் வரப்புத் தகராறு வந்துச்சு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கறதில்ல. பேச்சு எங்க வெச்சாங்க தெரியுமா? எங்க வூட்லதான்."

எந்நாளும் அக்காவை ஒப்புக்கொள்ளாத சடையன் அண்ணன், "பின்ன வேற எங்க வெக்கறது?" என்றார். "அவன் வூட்டுக்கு இவன் போவமாட்டான், இவன் வூட்டுக்கு அவன் வரமாட்டான். ரெண்டு பேருக்கும் சொந்தக்காரி வூட்ல உக்காந்தா எவனும் கை ஓங்கமாட்டான். சோத்துல கை வெச்சுட்டு எப்டி ஓங்குவான்?"

"அன்னிக்கு நீங்க யார் பக்கம்க்கா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் கேள்வி? நான் அடுப்பு பக்கம். ரெண்டு கும்பலுக்கும் களி கிளறணுமே!"

ஜீப் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சென்னையில் துரோகி என்று பெயர் வைத்த ஆளுக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பைபிளில் எல்லாரும் மங்கையைப் பார்த்து நீ யார் பக்கம், நீ யார் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

அங்கேயே நின்று சாவை அழித்துவிட்டு வேறு சொன்னேன். மங்கை கதவைத் திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. நிலையத்தையும் கப்பலையும் இணைக்கிற குழாய்க்குள் ஸ்டோரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். அரிசி வேண்டும் என்றால் இந்தப் பக்கத்தவர் அங்கே வர வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தவர் அங்கே வர வேண்டும். வந்தவர்களுக்கு உட்கார இடம் போடுகிறார். கோவிந்தன் இன்ஜின் ஆறிய பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

5. ரூபினாவின் லைன்

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நாங்கள் அதே வளைவில் நின்றபோது ரூபினா கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா கொல்லச் சொன்னாங்க, நீங்க குடி வெச்சிட்டீங்க. நான் அப்ரூவல் போட்டா என்னைய இந்த சீட்டுலேந்து தூக்கிடுவாங்க. போடலன்னா மங்கை செத்துடுவா."

"நீங்களே கொல்றீங்களா, நான் கொல்லட்டுமா?" என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "லைன்ல இருங்க," என்று சொல்லி முதலாளியையும் இணைப்பில் சேர்த்துவிட்டார். ஜீப்புக்காரர்கள் நெருங்கி வந்து நின்றார்கள்.

முதலாளி பொரிந்தார். "இன்னா சார் இது? நடிக்க ஆளே இல்லன்றேன். ரெண்டாவது சீசன்ல இந்தம்மாவ எங்கேந்து கொண்டாருவேன்?"

"கொண்டாரவே வேணாம் சார்," என்றார் ரூபினா. "மங்கை ஸ்டேஷன்ல இல்ல, பூமிலயும் இல்ல. நடுவுல கீறாங்க. கேமரா அங்க போவாது. சண்ட முத்திச்சுன்னா, 'வா, மங்கை எடத்துல பேசிக்கலாம்'னு ஒருத்தர் சொல்லிட்டு வெளிய போவாரு. அவ்ளோதான்."

"துரோகிக்கு தண்டனை?"

"துரோகி யாரு சார்? ரெண்டு பக்கத்துக்கும் சோறு அளக்கறவளா?"

பிறகு முதலாளி மெதுவாக, அதனாலேயே பயங்கரமாகக் கேட்டார். "ரூபினா, ஒண்ணு கேக்கறேன். நீ கம்பெனி ஆளா, ரைட்டர் ஆளா?"

பொன்னம்மா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வலித்தது. ரூபினா யோசிக்கவே இல்லை.

"ரெண்டுந்தான் சார். அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் என் லைன்ல வந்து பேசினு இருக்கீங்க."

முதலாளி இருமுவது கேட்டது. அது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி, போடு அப்ரூவல்," என்று வைத்துவிட்டார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் பாடம் கேட்டால், இந்த ஒன்றுதான் கைவசம் உண்டு. உங்கள் கதையில் இரண்டு பக்கமும் வேண்டிய ஒரு ஆள் வந்துவிட்டால், கத்தியைத் தேடாதீர்கள். மற்றவர்களை அந்த ஆளின் வீட்டில் ஒரு வேளை உட்கார வைத்துப் பாருங்கள். கதை தானாகப் பேச ஆரம்பிக்கும். இதை நானே கண்டுபிடித்ததாகத்தான் வெளியூர்க் கூட்டங்களில் சொல்லிக்கொள்கிறேன். மலைக்காரர்கள் யாராவது எதிரில் உட்கார்ந்திருந்தால் மட்டும், தொண்டையைச் செருமிக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவேன்.