பாதிப் புத்தகமும் என் வீட்டுக்காரர் காலும்

கம்பம் நூலகத்திலிருந்து என் வீட்டுக்காரர் அந்தத் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து, பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. மருத்துவம் எப்படியெல்லாம் வளர்ந்து வந்தது என்று சொல்லும் புத்தகம். நான் எட்டாவதோடு நின்றவள். அவர் பத்தாவது. அந்த இரண்டு வகுப்பின் மிதப்பு இன்னும் அவருக்கு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் அறுந்து கிடந்த பந்தல் கம்பி அவர் கால் பெருவிரலில் குத்தியது. சர்க்கரை உடம்பு, வலியே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"இந்தா, இதப் பாரு. காய்ச்சல்னு வந்தவனுக்குக் கையக் கீறி ரத்தத்த வடிய விட்டிருக்காக. எல்லாம் பெரிய பெரிய டாக்டருக. இவுகள நம்பியா காலக் குடுக்கச் சொல்ற?"

"அது எந்தக் காலத்துல?"

"டாக்டருன்னா எந்தக் காலத்துலயும் டாக்டருதான்."

விரலில் மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டார். சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அழுது பார்த்தேன், சோறு போடாமலும் பார்த்தேன். ஒரு நாள் மதியம் அவர் தொழுது எழுந்ததும் விரிப்பை மடிக்கப் போனேன். கால் வைத்த இடத்தில் ஈரக் கறை. மோந்து பார்த்தேன், மஞ்சள் வாசனை இல்லை.

"சீழ் வடிஞ்சா, தொழுகைக்குக் கை கால் கழுவிச் செஞ்ச ஒளு முறிஞ்சிரும்ல? இப்பத் தொழுதது சேருமா?"

"இப்பத்தான் வடிஞ்சிருக்கும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அல்லாஹ்வே, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆத்திரத்தில் புத்தகத்தை எடுத்தேன். அடையாளத்துக்கு அவர் வைத்த நாள்காட்டித் தாள் சரியாக நடுவில் இருந்தது. பத்து நாளுக்கு முந்திய தாள். அதற்கப்புறம் மனிதர் ஒரு பக்கம் திருப்பவில்லை! நான் அங்கிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

சாயங்காலம் அவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். மற்றவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டதாம். கேட்காமலே இருந்தார்கள், தாய்மார் செத்துக்கொண்டே இருந்தார்கள். இன்னும் தள்ளி, சர்க்கரை வந்து எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்த பிள்ளைகள், இன்சுலின் ஊசி வந்தபின் எழுந்து உட்கார்ந்தார்களாம்.

"தப்புப் பண்ணுனவகளும் டாக்டருதான், அதத் திருத்துனவகளும் டாக்டருதான். நீங்க பாதியில நின்னுக்கிட்டு என் உசுர வாங்குறீக!"

புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை அவரே ஒரு தடவை படித்தார். காலைச் சுற்றிய துணியைப் பார்த்தார்.

"ஆட்டோவக் கூப்பிடு."

விரலை எடுத்துவிட்டார்கள். கால் தங்கியது, அல்ஹம்துலில்லாஹ். கட்டுப் பிரிக்க வந்த டாக்டரிடம், "ஐயா, கை கழுவிட்டீகளா?" என்று இவர் கேட்டாரே, நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். அடுத்து ரயில் இஞ்சின் வந்த கதை வேண்டுமாம் இவருக்கு. நூலகத்து அம்மாவிடம் சொன்னேன்:

"எதுன்னாலும் குடுங்கம்மா. ஒல்லியாப் பாத்துக் குடுங்க."