காற்றுப் பார்க்கும் துணி

அம்மா காய்ச்சலில் போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டுதான் கிள்ளானுக்குச் செங்கல் லோரி ஓட்டினார். அது பெட்ரோல் லோரி அல்ல. பின்னால் ஓர் இரும்பு உலை. அதில் கரி கனன்று கிளம்பும் கேஸில்தான் ஓடும். தினமும் சாம்பலை வாருவார், வடிகட்டியைத் தட்டுவார், மூடியின் திருகை இறுக்குவார். அந்தச் சேவகத்தில் பாதியை எனக்குச் செய்திருந்தால் என் தலை சிக்குப் பிடித்திருக்காது. என்னோடு பேசத்தான் அவருக்கு வாயே வராது.

பாதி வழியில் கரி போடவேண்டும். வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தி, இஞ்சினை அணைத்து, என்னைத் தூரப் போகச் சொல்வார். அந்தக் கேஸ் கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போனால் ஆளைச் சாய்த்துவிடும். காற்று வரும் பக்கமாக நின்றுதான் உலையைத் திறக்கவேண்டும். அதைப் பார்க்க லோரிக் கம்பியில் ஒரு துணி கட்டியிருந்தார். அம்மாவின் மாம்பழ நிறச் சேலையில் கிழித்தது. எனக்குக் கொடு என்று கேட்டு ஓய்ந்துபோனேன். அம்மா சேலையைப் போய் லோரிக்குக் கட்டுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் கரி போட நிறுத்தியபோது கம்பியில் துணியைக் காணோம். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வந்த வழியே திரும்பி, லாலாங் புல்லை விலக்கித் தேடத் தொடங்கினார். உலை ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை செங்கல் தாமதமானால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாகச் சூளை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, முன்பே சொல்லியிருந்தார்.

"அப்பா, சீட்டுக்கு அடியில கந்தத்துணி நெறைய இருக்கே. அதுல ஒண்ணக் கட்டிக்கலாம்ல?"

"அது சரிப்படாதும்மா. நீ போய் நெழல்ல ஒக்காரு."

அவர் தலை புல்லுக்குள் மறைந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அம்மா மாதிரி இவரும் போய்விட்டார் என்று லோரிச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் துணியோடு வந்தார்.

மறுநாளே வேலை போயிற்று. லோரியிலிருந்து அந்தத் துணியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்போதாவது தருவார் என்று கையை நீட்டினேன். அவர் அதை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, அசைவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். லோரியும் இல்லை, கேஸும் இல்லை, இனி எதற்கு இவர் காற்றுப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.