லேப் திறப்பு விழாவுக்கு உடுக்கை

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். பள்ளி வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை வாசிக்கிறாள். இன்று காலை ஹெட்மாஸ்டர் என்னை வரச் சொல்லியிருந்தார்.

"சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உடுக்கு எதுக்கும்மா? கவனம் செதறுது. நிப்பாட்டிருங்க."

உடுக்கைக் கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏன் மாறுகிறது என்று தேடித்தான் அவள் பிசிக்ஸ் புத்தகத்தையே தானாகத் திறந்தாள். அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் மார்க் வாங்கித் தராதும்மா."

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை நம்ம புது லேப் திறப்பு விழா. பெரிய ஆளுங்க வாராங்க. வரவேற்புக்கு வில்லுப்பாட்டு வச்சிருக்கோம். அன்னைக்கு மட்டும் பிள்ளைய உடுக்கோட அனுப்பிருங்க. ஒத்திகைக்கு பிசிக்ஸ் பீரியட்ல விட்டுருதோம்."

பக்கத்தில் நின்ற பிசிக்ஸ் வாத்தியார் "ஆமா சார்" என்றார். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள்கூட இவ்வளவு வேகமாக ஆமா போட்டதில்லை.

மாப்பிள்ளையூரணி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் உடுக்கு கவனத்தைக் கெடுக்காதா என்று சாயங்காலம் மகள் கேட்பாள். பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். அவளிடம் அப்படியே வாசித்துக் காட்டிவிடுகிறேன்.