அவர் பாதியில் விட்ட கதை

என் கணவர் மாரடைப்பில் இறந்து நாற்பது நாள் இருக்கும். காட்டூர் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டிவிக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தவள் அவருடைய வீடியோ கேம் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

அவர் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். சாயங்காலம் வந்ததும் ஒரு மணி நேரம் அதில் ஓர் ஆட்டத்தில் கார் திருடுவார், கொள்ளையடிப்பார், போலீஸிடமிருந்து ஓடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அந்த ஆட்டத்தின் பெரிய கதையை முடித்துவிட்டார். அதே ஊரில் வேறொருவனை வைத்து ஒரு தனிக்கதை பிறகு வந்தது. பழையதை ஆடாதவர்களும் இதை ஆடலாம் என்றார். அதில்தான் பாதி வரை போயிருந்தார்.

திரையில் ஏதோ கேள்வி வந்தது. சரி என்று அழுத்தினேன். கதை முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் ஆடிய பாதி அழிந்துவிட்டது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. எழுந்துபோய் குக்கரை இறக்கினேன்.

அடுத்த ஞாயிறு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் ஆடினது போயிடுச்சா?" என்று கேட்டவள் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாவமாக இருந்தது, யாரோ ஒரு பெண் அழுவதைப் பார்ப்பதுபோல.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க நிறுத்தினாருன்னு தெரியுமா அண்ணி?"

"துறைமுகத்துல. ஒரு லாரியக் கடத்தணும். தோசை ஆறுதுன்னு கூப்பிட்டேன், எந்திரிச்சு வந்துட்டாரு."

"அதுவரைக்கும் நாம போவோம்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்தாள். எங்கள் இருவருக்குமே ஆடத் தெரியாது. நான் சிவப்பு விளக்கு எரிந்தால் காரை நிறுத்திவிடுவேன்.

"அண்ணி, நாமதான் திருடங்க. நிக்காதீங்க, போங்க!"

அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொள்வேன். ஒருநாள் அவள் ஓட்டும்போது, பெரிய கதையின் நாயகன் சாலையோரம் சிகரெட் பிடித்தபடி நின்றான். இந்தக் கதையில் அவனுக்கு வேலையில்லை. "அவன்தான் உங்கண்ணன் ஆடினவன்" என்றேன். அவள் காரை நிறுத்திப் பார்ப்பதற்குள் நடந்து போய்விட்டான்.

ஆறாவது வாரம் துறைமுகம் வந்தது. லாரி நான்கு முறை கடலில் விழுந்தது. ஐந்தாவது முறை நான் ஓட்டி வெளியே கொண்டுவந்தேன். அடுத்த காட்சி தொடங்கியது. ஒரு பெண் கதவைத் திறந்து "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அந்தத் திருடனைக் கேட்டாள்.

"இது அண்ணன் பாக்காதது, இல்ல?" என்றாள் நாத்தனார்.

"ஆமா."

"நிறுத்திடவா?"

"வேணாம். ஓடட்டும்."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. தோள் வலித்தது, ஆனாலும் நகரவில்லை. இன்னும் மூன்று ஞாயிறு ஆடி, கதையை முடித்தோம். முடிவில் அவன் பிழைத்துக்கொண்டான்.