பெயிண்டோடு அளந்த ஸ்பிரிங்

லோகேஸ்வரி பயந்த சுபாவம். முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் நாளைக்கே போகச் சொல்லிவிடுவார்கள் என்ற நினைப்புதான்.

ஜெலுத்தோங்கில் நாகூர் மீரானின் பழைய கார் சாமான் கடையில் சேர்ந்து ஆறு வருடம். ஸ்பிரிங் அவள் பொறுப்பு. எந்த வண்டியில் கழற்றியது என்ற அடையாளமே இல்லாமல், கறுப்புப் பெயிண்ட் அடித்துக் குவியலாக வரும். பெயிண்டைச் சுரண்டிக் கம்பியின் கனத்தை அளப்பாள், சுற்றுகளை எண்ணுவாள். பிறகு தராசின் மேல் நிறுத்தி, ஜாக்கியால் ஓர் அங்குலம் அமுக்குவாள். தராசு காட்டும் கிலோதான் அதன் விறைப்பு. கம்பி அரை மில்லி இளைத்தால் விறைப்பில் ஏழில் ஒரு பங்கு போய்விடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

அன்று காலை மோகனராஜ் வந்து அவசரப்படுத்தினான். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலை ரோட்டில் பள்ளி வேன் ஓட்டுபவன். பின்பக்கத்துக்கு ஒரு ஜோடி கேட்டான். ஜாக்கியில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்ததால் அமுக்கிப் பார்க்க முடியவில்லை. லோகேஸ்வரி கம்பியை மட்டும் அளந்தாள். இரண்டும் பதின்மூன்று மில்லி. அவற்றைப் பக்கத்துப் பட்டறையில் வேனில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு மேசையைத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஒரு ஸ்பிரிங்கைச் சுரண்டிய தூள்தான் அங்கே கிடந்தது. இன்னொன்றைப் பெயிண்டோடு அளந்திருக்கிறாள். அதே குவியலிலிருந்து வேறொன்றை எடுத்தாள். பெயிண்டோடு பதின்மூன்று. சுரண்டியபின் பன்னிரண்டரை.

பள்ளி விட இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள். போன வருடம் தப்பான சாமான் கொடுத்தவனை முதலாளி அன்றைக்கே அனுப்பிவிட்டார். ஒன்றும் ஆகாது, சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல சமாதானம்.

ஒன்றேகாலுக்குத் தாங்க முடியாமல் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓடும்போது போனைத் தொடாதவன் அவன். மூன்று முறை கூப்பிட்டாள். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"என்னக்கா? வளைவுல வண்டி இடது பக்கமா சாஞ்சிச்சு. பிள்ளைங்கள வலது பக்கம் மாத்தி உக்கார வெக்கலாம்னு நிறுத்தினேன். இப்ப நேரா இருக்குலா."

பிள்ளைகளை எடைக்கல்லாக வைத்து வண்டியை நிமிர்த்தியிருக்கிறான்.

"வண்டிய எடுக்காத தம்பி. எல்லாரையும் இறக்கு. இடது ஸ்பிரிங்கு சரியில்ல, நான்தான் தப்பா அளந்துட்டேன்."

முதலாளியிடமும் அதையே சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். மலை ரோட்டில் வேன் ஓரமாக நின்றது. பதினொரு பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து வேறு வேனுக்குக் காத்திருந்தார்கள். இரண்டு முறை எண்ணினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"இப்பத்தான் பாத்தியாக்கா?" என்று கேட்டான் மோகனராஜ்.

ஆமாம் என்றால் முடிந்துவிடும். "இல்ல தம்பி. நீ பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாலயே தெரியும். வேல போயிடும்னு பயந்து உக்காந்திருந்தேன்."

பிள்ளைகள் நடுவே இருந்த தன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, லோகேஸ்வரிக்கு முதுகைக் காட்டி நின்றான்.